விற்பனைக்கு இல்லாத கறுப்புச் சட்டம்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் அதிகமாக எழுதிய சொல் ஒன்றே ஒன்றுதான்: ‘மேல்’. படத்துக்குச் சட்டம் போட்டு முடித்ததும், எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று பின்பலகையில் பென்சிலால் எழுதுவோம். அந்த ஒரு சொல்லை நான் அழகாக எழுதுவேன். மற்றச் சொற்களில் பிழை இருந்தால் கடைப் பிள்ளைகளே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னது ஷர்மிளா. பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்த பிரேம் கடையில் இப்போது மரம் வெட்டும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவள். கடையின் உள்சுவரில், மின்விசிறிக்குப் பக்கத்தில், ஒரு வெற்றுச் சட்டம் தொங்குகிறது. கறுப்பு மரம், உள்விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு. மூலையில் ‘விற்பனைக்கு இல்லை’ என்று ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கும். போன மாதம் ஒரு வாடிக்கையாளர் அதுதான் வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார். ஷர்மிளா எனக்குப் போன் செய்தாள்.

“அங்கிள், அந்தக் காலி பிரேமக் குடுத்துரலாமா? சும்மா தூசி புடிச்சிக்கிட்டுத்தானே இருக்கு.”

“வேணாம்மா.”

“ஏன், பெரிய முதலாளி ஞாபகமா?”

“இல்ல. அது ஒருத்தரோடது.”

“அப்ப அவர வந்து எடுத்துக்கச் சொல்லுங்கலா.”

“அவரு இப்ப எடுக்க மாட்டாரு. எடுக்கவும் கூடாது.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குப் போனில் நீளமாகப் பேச வராது. “அப்ப எழுதிக் குடுங்க அங்கிள். இங்க ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க. அந்த பிரேம்ல பேய் இருக்குன்னு கூட ஒருத்தன் சொல்றான்” என்றாள். பேய் இல்லை. நடந்தது இதுதான்.

என்னைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. கிள்ளானுக்கு வெளியே ஒரு எஸ்டேட்டில் பிறந்தேன். மீசை முளைக்கும் முன்பே கடைக்கு வந்துவிட்டேன். கண்ணாடி துடைத்தேன், மரம் தேய்த்தேன், மூலை வெட்டினேன், பிறகு வீடு வீடாகப் போய் மாட்டும் வேலைக்கு வந்தேன். மனிதர்களோடு பேச எனக்குக் கூச்சம். சுவரோடு கூச்சம் இல்லை. விரலால் தட்டினாலே உள்ளே செங்கல்லா, சிமெண்டா, வெறும் அட்டைத் தடுப்பா என்று தெரியும். கிள்ளானில், சுபாங் ஜெயாவில், பூச்சோங்கில் எத்தனையோ வீடுகளில் மாட்டியிருக்கிறேன். நான் மாட்டிய படம் கீழே விழுந்ததாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. இதை எழுத மட்டும் எனக்குக் கூச்சமாக இல்லை. தோள்பட்டை மேலே தூக்க வராமல் போனதால்தான் வேலையை விட்டேன். கை சரியாக இருந்தால் இன்றைக்கும் ஏணியில்தான் நின்றிருப்பேன்.

எங்கள் முதலாளி பெயர் காதர். நாகூர்ப் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து சின்ன வயதில் வந்தவர். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, கழுத்தில் எப்போதும் அளவு நாடா. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்து போகும், அவ்வளவுதான். சாமி படம் வந்தால் கையைக் கழுவிவிட்டுத்தான் தொடுவார். யார் வீட்டுச் சாமியானாலும் அப்படித்தான்.

மனிதர் படம் எதுவானாலும் அளவெடுப்பதற்கு முன் அவர் ஒரு கேள்வி கேட்பார்.

“ஆள் இருக்காங்களா?”

கேட்கும்போது வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க மாட்டார். கண் நாடாவில்தான் இருக்கும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள் பார்த்தேன். ஓர் அம்மா ஒரு பழைய புகைப்படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முதலாளி கேட்டார். அந்த அம்மாவுக்கு வாய் கோணியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளி கையால் என் தலையை மெல்லத் திருப்பி, அலமாரிப் பக்கமாக வைத்தார். “கறுப்புப் பிரேம் தடி எடுத்துட்டு வா” என்றார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ள நேரம் கிடைத்தது.

கடையில் எழுதாத விதி அது. ஆள் உயிரோடு இல்லையென்றால் கறுப்பு மரம், உள்ளே தங்கக் கோடு. ஆள் இருந்தால் வேறு எதுவும் போடலாம், அந்தக் கறுப்பை மட்டும் போடக்கூடாது. கிள்ளான் வட்டாரத்தில் எந்த வீட்டுக்குள் போனாலும், கூடத்தில் அந்தச் சட்டத்தைப் பார்த்தால், செருப்பைக் கழற்றும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கீழே பெயர் எழுதியிருக்க வேண்டியதில்லை.

ஒரு தடவை கிள்ளானிலிருந்து ஒரு பெரியவர் தன் படத்தைத் தானே கொண்டுவந்தார். நல்ல தடித்த ஆள், கழுத்தில் சங்கிலி.

“முதலாளி, நல்லா கறுப்பு கோல்டுல போட்டுக் குடுங்க.”

முதலாளி நாடாவைப் பார்த்தபடியே கேட்டார். “ஆள் இருக்காங்களா?”

“என்ன முதலாளி, முன்னாடிதானே நிக்கிறேன்!”

“அப்ப முடியாது.”

“காசு குடுத்தா போட வேண்டியதுதானே. எம் மவன் எப்படியும் மட்டமான பிரேம்தான் வாங்குவான். அவன் புத்தி எனக்குத் தெரியும்.”

“அவரே வரட்டும். நான் நல்லதாப் பாத்துக் குடுக்கறேன். நீங்க இப்ப போய் டீ குடிங்க.”

அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே போனார். கடைசியில் தேக்கு நிறத்தில் ஒன்று போட்டுக்கொண்டார்.

மாட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. இறந்தவர் படம் என்றால் பின்னால் கயிறு கட்டி, கதவு நிலைக்கு மேலே உயரமாக, முன்பக்கம் சாய்த்து மாட்டுவோம். அவர் குனிந்து வீட்டைப் பார்ப்பது மாதிரி இருக்கும். மற்றப் படங்கள் என்றால் இரண்டு ஆணி, சுவரோடு ஒட்டி, நிற்கிறவர் கண்ணுக்கு நேராக. மாட்டி முடித்த பிறகு உடனே கிளம்பக்கூடாது. அந்த வீட்டு ஆட்கள் எங்கே உட்காருவார்களோ அங்கே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ரசமட்டம் சரி என்று சொன்னாலும், நாற்காலியிலிருந்து பார்த்தால் சில நேரம் கோணலாகத் தெரியும். கூரை கோணலாக இருந்தால் அப்படி ஆகும். அப்போது ரசமட்டத்தைக் கேட்கக்கூடாது, கண்ணைத்தான் கேட்க வேண்டும்.

இனி பூச்சோங் வீடு.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கடைக்குப் புது மாதிரி வேலை வர ஆரம்பித்தது. அதுவரை சாமி, கல்யாணம், பட்டமளிப்பு, இறந்தவர்கள் என்று நாலு வகைதான். புதிதாகக் கொண்டோ அடுக்குமாடி வீடு வாங்கிய பிள்ளைகள் கைத்தொழில் படங்களை அச்சில் வாங்கி வந்தார்கள். சொங்கெட் துணியின் பூவேலை, வாவ் பட்டம், பத்தமடைப் பாய், மண்பானை என்று வரும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அந்தப் படங்களைப் பார்த்து யாரும் அழுவதில்லை.

பவானி அப்படி வந்தவள். வங்கியில் வேலை. ஆறு படங்களைச் சுருட்டி ஒரு குழாய்க்குள் போட்டுக் கொண்டுவந்தாள். ஒரு சொங்கெட், ஒரு வாவ், மெங்குவாங் ஓலைக் கூடை, பேராக் பக்கத்துக் கறுப்பு மண்கூஜா, பத்தமடைப் பாய். ஆறாவது, தமிழ்நாட்டு மண் குதிரை. ஆள் உயரத்துக்கு மேலே செம்பழுப்பில் ஒரு குதிரை, பக்கத்தில் அதைச் செய்த குயவர். வெள்ளை பனியன், தோளில் துண்டு, மீசை. ஆறில் மனித முகம் இருந்தது அந்த ஒன்றில்தான்.

“எல்லாத்துக்கும் இந்தக் கறுப்பு, முதலாளி. உள்ள கோல்டு லைன் வரணும். நெட்ல பாத்தேன், அவ்ளோ கிளாஸா இருக்கு.”

முதலாளி ஒவ்வொரு படமாக அளந்துகொண்டு வந்தார். ஆறாவதில் கை நின்றது.

“தாயி, ஆள் இருக்காங்களா?”

பவானி சிரித்துவிட்டாள். “எனக்கு எப்படித் தெரியும்? ஆன்லைன்ல வாங்குன பிரிண்ட்லா, முதலாளி.”

“தெரியாதா?”

“தெரியாதே.”

“தெரியாத ஆளுக்குக் கறுப்பு வேணாமே. இது ஒண்ண மட்டும் வெறும் மரத்துல போட்டுத் தரேன்.”

“ஐயோ, செட்டு கெட்டுரும். ஆறும் ஒண்ணா இருந்தாத்தானே அழகு? நம்ம வீட்டு ஆளா என்ன?”

அவள் சொன்னதும் நியாயம்தான். ஆறும் ஒன்றாக இருந்தால்தான் அது ஒரு சுவர். முதலாளி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “உன் சுவரு தாயி” என்றார்.

காத்திருந்த நேரத்தில் அவளாகவே சொன்னாள். மாமனார் கூடவே இருக்கிறார். பெயர் மாரிமுத்து. துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அறையில் தனியாகப் படுக்க மாட்டேன் என்றதால் கட்டிலைக் கூடத்தில் போட்டிருக்கிறார்கள். “நாள் முழுக்க வெள்ளச் சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு முதலாளி. அவருக்குப் பாக்க ஏதாச்சும் வேணும். அதுக்குத்தான் இவ்ளோ தேடி வாங்கினேன்.”

அந்த வேலையை நான் ரசித்துச் செய்தேன். அச்சுப் படத்தைக் கண்ணாடியில் ஒட்ட விடக்கூடாது. நம் ஊர் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பூஞ்சை பிடிக்கும். அதனால் படத்தைச் சுற்றி நல்ல தடித்த அட்டையில் ஜன்னல் வெட்டி வைப்போம். கீழ்ப்பக்கத்து அட்டையை மேல்பக்கத்தைவிடக் கொஞ்சம் அகலமாக விடுவோம். சமமாக விட்டால் படம் கீழே வழுக்கிப் போவது மாதிரி தெரியும். பின்னால் தாள் நாடா ஒட்டி, கீழ் மூலை இரண்டிலும் ஒரு துண்டு தக்கை வைப்போம். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போக வேண்டும். பிறகு பென்சிலால் ‘மேல்’.

மாட்டப் போனபோது பெரியவர் வீட்டில் இல்லை. மகன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கை கால் பயிற்சிக்கு அழைத்துப் போயிருந்தார். திரும்பி வந்து பார்க்கும்போது சுவர் நிறைந்திருக்க வேண்டும் என்று பவானிக்கு ஆசை. முதலாளி என்னிடம் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். “சாய்க்காத. ஒட்டி மாட்டு.” நானும் அப்படியே மாட்டினேன். மேலே மூன்று, கீழே மூன்று, நிற்கிறவர் கண்ணுக்கு நேராக. குதிரைப் படம் கட்டிலுக்கு நேர் எதிரே வந்தது. ஏனென்றால் பெரிய படம் அதுதான். சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன், சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டிலில் உட்காரவில்லை. நோயாளியின் படுக்கை அது, போர்வை மடித்து வைத்திருந்தது. அதில் போய் யாரும் உட்கார மாட்டார்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்துப் பவானியிடமிருந்து போன். நான்தான் எடுத்தேன்.

“அண்ணே, மாமா சாப்பிட மாட்டேங்குறாரு.”

“என்னாச்சும்மா?”

“அன்னிக்கு வந்து படுத்தாரு. படத்தப் பாத்தாரு. நல்லா இருக்கான்னு கேட்டேன். ‘நல்லாத்தான் இருக்கு’ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அதிலேருந்து தண்ணி மட்டும்தான். டாக்டர் வந்து பாத்துட்டுப் புதுசா ஒண்ணும் இல்லேங்குறாரு. சோறு ஊட்டப் போனா, ‘மாட்டிட்டீங்கள்ல, இனிமே எதுக்கு’ன்னு கேக்குறாரு. புடிக்கலன்னா கழட்டிர்றேன் மாமான்னேன். ‘இருக்கட்டும், எப்படியும் வேணும்ல’ங்குறாரு. எனக்கு ஒண்ணும் புரியலண்ணே. எல்லாம் உன் டிசைனாலதான்னு என் வீட்டுக்காரரு என்னத் திட்டுறாரு.”

பக்கவாதம் வந்தவர் சோற்றை மறுத்தால் அதிக நாள் தாங்க மாட்டார் என்று எனக்கே தெரியும். முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு முழங்கால் வலி, ஏறி இறங்க முடியாது.

“மாட்டினது நீ. நீயே போ, குணா.”

“நான் போய் என்ன பேசறது முதலாளி?”

“பேசாட்டி என்ன? எங்க உக்காந்து பாக்காம விட்டியோ, அங்க உக்காந்து பாரு.”

வேனில் போகும்போது வழி முழுவதும் என்ன பேசுவது என்று யோசித்தேன். எதுவும் வரவில்லை.

கூடத்தில் பெரியவர் படங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்திருந்தார். கன்னம் உள்ளே போயிருந்தது. பக்கத்து முக்காலியில் சோறு மூடி வைத்தபடியே இருந்தது. நான் கட்டிலருகே போய் நின்றேன்.

“யாரு?”

“பிரேம் கடைங்க ஐயா. படம் மாட்டினவன்.”

மெல்லத் திரும்பினார். என்னைப் பார்த்தார்.

“நீதானா? நல்லாத்தான் மாட்டியிருக்க. நேரா இருக்கு.”

“ஆமாங்க.”

“மாலைக்கு ஆணி அடிச்சியா?”

சமையலறை வாசலில் நின்ற பவானி, “என்ன மாமா பேசுறீங்க!” என்று கத்தினாள்.

“நீ சும்மா இரு பவா. தொழில் தெரிஞ்ச ஆள்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன். இல்ல தம்பி, பின்னாடி வந்து ஆணி அடிச்சா சுவரு ஒடையும்லா. அதான் கேட்டேன்.”

“ஐயா, அது உங்க படம் இல்லீங்க.”

“போடா. லோரி பக்கத்துல நான் நிக்கிற படம். போர்ட்ல எடுத்தது. துண்டு தோள்ல கெடக்குது பாரு. எம் மவன் பெருசாக்கிட்டான். ஆளு போறதுக்கு முன்னாடியே ரெடி பண்ணிட்டான், கெட்டிக்காரன். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா வேற படம் குடுத்திருப்பேன். அதுல நான் நல்லாவே இருக்க மாட்டேன்.”

முதலாளி சொன்னதை அப்போதுதான் செய்தேன். கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் தலையணையின் விளிம்பில் என் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். பெரியவர், “என்னடா பண்ற?” என்றார்.

படுத்திருக்கிறவருக்கு எல்லாச் சுவரும் உயரம். கண்ணுக்கு நேராக என்று நான் மாட்டியது அங்கிருந்து பார்த்தால் தலைக்கு மேலே தொங்கியது. சாய்க்காமல் மாட்டிய படமே குனிந்து அவரைப் பார்ப்பது மாதிரி இருந்தது. பால்கனி வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து பாதிப் படம் மறைந்தது. பெரியவர் மூக்கில் கண்ணாடி போட்ட தழும்பு இருந்தது, கண்ணாடி இல்லை. என் மூக்குக் கண்ணாடியையும் கழற்றிவிட்டுப் பார்த்தேன். குதிரை இல்லை. பழுப்பாக ஒரு பெரிய உருவம், அதன் முன்னால் பனியனும் துண்டும் மீசையுமாக ஓர் ஆள். சுற்றிலும் கறுப்பு, உள்ளே தங்கம். மற்ற ஐந்து சட்டங்களும் துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி சுற்றி நின்றன.

“ஐயா, உங்க மூக்குக் கண்ணாடி எங்கீங்க?”

“எதுக்கு? பாக்க என்ன இருக்கு?”

பவானிதான் சொன்னாள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் கண்ணாடி போடுவதில்லை. இழுப்பறையில் கிடக்கிறது.

நான் எழுந்து போய்க் குதிரைப் படத்தைக் கழற்றினேன். சட்டத்தோடு கொண்டுவந்து, படுத்திருந்தவர் வயிற்றின் மேல் சாய்த்து நிறுத்தினேன். பவானி கண்ணாடியைத் துடைத்து அவர் காதில் மாட்டினாள். அவர் நல்ல கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது என்னடா, குதிர!”

“ஆமாங்க. மண் குதிரை.”

“என் லோரி எங்க?”

“லோரி இல்லீங்க. இவரு குயவரு. குதிரை செய்யறவரு.”

“மீசையப் பாரு. இதெல்லாம் ஒரு மீசையா? என்னுது எப்படி இருக்கும் தெரியுமா?” என்றார். பவானி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பெரியவர் விரலால் அந்தத் தங்கக் கோட்டைத் தடவிக்கொண்டே போனார். பிறகு என்னைக் கேட்டார்.

“இவன் இருக்கானா?”

முதலாளியின் கேள்வி. இத்தனை வருடத்தில் கடைக்கு வெளியே அது வேறு யார் வாயிலிருந்தும் வந்ததில்லை.

“தெரியலீங்க ஐயா.”

“தெரியாத ஆளுக்கு ஏன்டா கறுப்பு கட்டினீங்க? பாவம். அவன் வீட்ல யாராச்சும் பாத்தா வயிறு எரியாதா?”

பவானி கட்டில் அருகே வந்து தரையில் உட்கார்ந்தாள். “மாமா, உங்களுக்காகத்தான் இதெல்லாம் வாங்கினேன். வெறும் சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கீங்களேன்னுதான்.”

“எனக்கா?”

“வேற யாருக்கு? நாங்க ரெண்டு பேரும் காலைல போனா ராத்திரிதானே வரோம்.”

பெரியவர் மெதுவாகச் சொன்னார். “எனக்குன்னா எனக்குத் தெரியற மாதிரி மாட்டணும்ல. நிக்கிறவனுக்கு மாட்டியிருக்கீங்க. நான் நிக்கிறதில்லயே, பவா.”

அவள் அங்கே தரையிலிருந்தே தலையைத் திருப்பி, தான் தேடித் தேடி வாங்கிய சுவரைப் பார்த்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து கட்டில் மட்டத்துக்கு அவள் கண் சரியாக இருந்தது. பார்த்துவிட்டு எழுந்தாள்.

“அண்ணே, எல்லாத்தையும் எறக்குங்க.”

“எவ்வளவு ஒயரத்துக்கும்மா?”

“மாமா கண்ணுக்கு. நிக்கிறவங்க குனிஞ்சு பாக்கட்டும்.”

இப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. தலையணையிலிருந்து சுவருக்கு ஒரு நூல் பிடித்து உயரம் குறித்தேன். நடுத்தொடை உயரத்துக்கு வந்தது. எந்த வீட்டிலும் நாற்காலி முதுகு உரசும் இடம் அது. ஆறையும் ஒரே வரிசையாக வைத்தால்தான் அவருக்குத் தலையைத் தூக்காமல் தெரியும். வெளிச்சம் கண்ணாடியில் விழாமல் இருக்க ஒவ்வொன்றையும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியிருந்தது. நான் படத்தைச் சுவரில் பிடித்துக்கொண்டு நகர்த்த, பெரியவர் படுத்தபடியே நல்ல கையை ஆட்டி உத்தரவு போட்டார். லோரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் கத்துவாரே, அதே சத்தம்.

“கோஸ்தான்… கோஸ்தான்… கொஞ்சம் லெப்ட்டு… கோஸ்தான்… ஆ, நிறுத்து! அங்கதான். பிரேக் போடு.”

பவானி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். வாடிக்கையாளர் வீட்டில் சத்தம் போட்டுச் சிரித்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

குதிரைப் படத்தை மட்டும் நான் கடைக்குக் கொண்டுபோய் வெறும் மரத்தில் போட்டுக் கொண்டுவருவதாகச் சொன்னேன். பவானி செட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “அந்தக் குயவர் மட்டும் தனியாத் தெரியட்டும்ணே. அதுவும் அழகாத்தான் இருக்கும்” என்றாள். அவள் சொன்னபடியே அது அழகாகத்தான் வந்தது.

நான் கிளம்பும்போது பெரியவர் கூப்பிட்டார்.

“தம்பி, கழட்டுற அந்தக் கறுப்ப என்ன பண்ணுவ?”

“வேற யாருக்காச்சும் போட்டுருவோம் ஐயா.”

“போடாத. நல்ல மரம். எனக்கு வச்சிரு. ஒரு நாளு எனக்கு வேணும்ல?”

“மாமா!”

“நீ இரு பவா. வேணும்ல தம்பி? ஆனா ஒண்ணு. அவசரம் இல்ல. யாரு வந்து கேட்டாலும் முன்கூட்டியே குடுத்துராத. எம் மவன் வந்தாலும் சரி. மொதல்ல நான் இருக்கேனா இல்லையான்னு கேளு.”

“கேக்கறேங்க.”

“ம். பவா, சோறப் போடு. மீன் கொழம்பு வாசன அன்னிலேருந்து மூக்கத் தொளைக்குது. சாவப்போற மனுசன் இருக்கற வீட்ல இப்படியா கொழம்பு வைப்பாங்க?”

நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுத்தான் லிப்டுக்குப் போனேன்.

கடையில் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. கடைசி வரை கேட்டுவிட்டு, கழற்றிய கறுப்புச் சட்டத்தைத் தன் கையால் துடைத்து, மின்விசிறிக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். தன் மகளைக் கூப்பிட்டு அந்தத் துண்டுத் தாளை எழுத வைத்தார். என்னிடம், “இனிமே வீட்டுக்குப் போனா, படுத்திருக்கறவங்க யாரும் இருக்காங்களான்னும் கேட்டுக்க” என்றார். அன்றிலிருந்து வேலையை விட்ட நாள் வரை நான் அதைக் கேட்டிருக்கிறேன். பல வீடுகளில், “ஆமா, இருக்காங்க” என்று சொல்லிவிட்டு, என்னைக் கொஞ்சம் வேறு மாதிரி பார்ப்பார்கள். காப்பி கிடைக்கும்.

குதிரைப் படத்தைத் திருப்பி மாட்டப் போனபோது, அந்த வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள் குனிந்தும் தரையில் உட்கார்ந்தும் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் கட்டிலிலிருந்து ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டிருந்தார். பாதி சரி, பாதி அவராகச் சொன்னது. குயவருக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்.

முதலாளி காலமாகிவிட்டார். அவர் வீட்டுச் சுவரில் அவர் படம் இல்லை. அவர்கள் வழக்கத்தில் மனிதர் படம் மாட்டுவதில்லை. நான் துக்கம் கேட்கப் போனபோதுதான் அது எனக்கு உறைத்தது. எத்தனையோ வீட்டுப் பெரியவர்களுக்குச் சட்டம் போட்டவர் அவர்.

ஷர்மிளா, இப்போது உன் மெஷின் என்னைவிட நன்றாக மூலை வெட்டுகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. விரல் மிஞ்சும். வாடிக்கையாளர்கள் கம்ப்யூட்டரில் நிறம் பார்த்து, வீட்டிலிருந்தே ஆர்டர் போடுகிறார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் முகம் உள்ள படம் வந்து, கறுப்பும் தங்கமும் கேட்டால், போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடு. தெரியாது என்று சொன்னால், வெறும் மரம் அழகாக இருக்கும் என்று சொல்லிப் பார்.

உனக்கு இதை எழுத உட்காரும் முன், நான் கேட்க வேண்டியதை இன்று காலையில் கேட்டுவிட்டேன். பூச்சோங்குக்குப் போன் செய்தேன். வேலையை விட்ட பிறகு நானாக யாருக்கும் போன் செய்ததில்லை. பவானி எடுத்தாள். போனில் அவள் முகம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டேன்.

“ஆள் இருக்காங்களாம்மா?”

அவள் சிரித்தாள். “இருக்காருண்ணே. இட்லி சூடா இல்லன்னு சண்ட போட்டுக்கிட்டு இருக்காரு. இருங்க, குடுக்கறேன்.”

கொஞ்சம் சலசலப்பு. பிறகு அந்தக் குரல்.

“யாரு, பிரேம் தம்பியா? என் பிரேம் பத்திரமா இருக்கா?”

“இருக்குங்க ஐயா. வேற ஒருத்தரு கேட்டாராம். குடுக்கல.”

“யாருடா அவன், என் பிரேமக் கேக்குறவன்? அவன் இருக்கானான்னு கேட்டியா?”

“இருக்காரு போலங்க.”

“அப்ப அவனுக்கு எதுக்கு? தூசி மட்டும் தட்டி வை. அவசரம் இல்ல.”

ஷர்மிளா, தூசி மட்டும் தட்டி வை.

கிள்ளான்,
ஆடிப்பெருக்கு, ஞாயிற்றுக்கிழமை.